காட்டில் கிடப்பது கருவியா, வெறும் கல்லா? கொங்கு நாட்டில் பழைய கற்காலக் கருவிகளைத் தரைமேல் தேடி ஆராய ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு கல்லூரித் தம்பி சிமெண்ட் சாக்கு நிறையக் கல்லைக் கொண்டுவந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் கொட்டினான். மூன்று காடுகளில், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பொறுக்கியது. “இதுல எதுங்கண்ணா கைக்கோடரி?” என்றான். இரண்டு முகத்திலும் செதுக்கிக் கைக்குள் பிடிக்கும்படி செய்த பழைய கற்காலக் கருவிதான் கைக்கோடரி. அதில் அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு துண்டுகள் மெய்யாகவே மனிதக் கை பட்டவை. அவை எந்தக் காட்டில் கிடந்தன, பக்கத்தில் வேறென்ன கிடந்தது என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. அந்த இரண்டையும் வைத்து இனி யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

தரைமேல் கிடக்கும் கல்லுக்கு மண்ணடுக்கின் துணை கிடையாது. அது கிடக்கும் இடமும் அதனோடு கிடக்கும் மற்ற கற்களும்தான் அதற்குச் சாட்சி. ஆகவே கல்லைக் கையில் எடுப்பது இந்த வேலையில் கடைசிப் படி. புதிதாக வருகிறவர்கள் அதையே முதல் படியாக்கிவிடுகிறார்கள். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

கொங்குப் பக்கம் ‘காடு’ என்றால் மானாவாரி நிலம். இந்தக் கட்டுரையிலும் அப்படித்தான்.

1. கேட்டுவிட்டுக் கால் வையுங்கள்

பட்டா நிலமென்றால் உரிமையாளரைப் பார்த்துச் சொல்லுங்கள். புறம்போக்கு என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு வார்த்தை. காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையவே கூடாது.

இதில் மரியாதையோடு வேறொரு காரணமும் இருக்கிறது. காங்கேயம், கரூர்ப் பக்கம் ராசிக்கல் தேடிக் குழி தோண்டியவர்களை ஊர்க்காரர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். குனிந்து குனிந்து கல் பார்க்கிறவனைக் கண்டால் கேள்வி வரும். “ஏனுங் தம்பி, வைரமுங்களா, புதையலுங்களா?” என்று ஒரு பெரியவர் என்னை இட்டேரியிலேயே (வேலிகளுக்கு நடுவே போகும் தடம்) நிறுத்திவிட்டார். “அந்தக் காலத்து மனுசங்க ஒடைச்ச கல்லுங்க ஐயா, விலைக்குப் போகாது” என்று சொல்லி, பையிலிருந்த படத்தைக் காட்டிய பிறகுதான் வேலிக் கடவைத் திறந்துவிட்டார். ஒரு நல்ல கைக்கோடரிப் படத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். விளக்கிச் சொல்வதைவிட அது வேகமாக வேலை செய்யும்.

தோண்டக் கூடாது. பாதி புதைந்த கல்லைத் திருப்புளியால் நெம்புவதும் தோண்டுவதுதான். அகழாய்வுக்கு அரசு அனுமதி வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில் நூறாண்டைத் தாண்டிய கைவினைப் பொருள் தொல்பொருளாகக் கொள்ளப்படுகிறது. அதை உரிமம் இல்லாமல் விற்கவும் முடியாது, தனியாள் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. உங்கள் வேலை பார்ப்பது, பதிவது, தெரிவிப்பது. அதற்குள் நின்றுகொண்டால் சிக்கல் வராது.

2. கண்ணைப் பழக்குங்கள்

படம் பார்த்துப் பழகிய கண் காட்டில் ஏமாறும். முதலில் மெய்யான கருவிகளை நேரில் பாருங்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில், தமிழகத்தில் பழைய கற்காலக் கருவியை முதலில் அடையாளம் கண்ட புவியியலாளர் புரூஸ் பூட் சேகரித்தவை இருக்கின்றன. திருவள்ளூர்ப் பக்கம் பூண்டியில் தொல்பழங்காலத்துக்கென்றே மாநிலத் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் உண்டு. கோவையிலிருந்து தொலைவுதான். ஆனாலும் ஒருமுறை போய்வந்தால் ஆறு மாதம் வீணாகாமல் போகும்.

அங்கே பார்த்ததை அப்படியே இங்கே தேடினால் அடுத்த தவறு. வடதமிழகக் கருவிகள் பெரும்பாலும் குவார்ட்சைட் கூழாங்கல்லில் செய்தவை. கொங்கு நாட்டின் பாறை வேறு. நைஸ், சார்னோகைட், அவற்றுக்கு ஊடே நரம்பு நரம்பாக ஓடும் வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்). சேலத்துக் கஞ்சமலைப் பக்கம் இரும்புப் பட்டை கலந்த குவார்ட்சைட் உண்டு. மற்றபடி, காட்டில் நடக்கும்போது கூர்மையாக உடைந்து கண்ணில் படுவதில் பெரும்பகுதி வெங்கச்சங்கல்லாகவே இருக்கும். அந்தக் கல்லோ ஆளை ஏமாற்றுவதில் கெட்டி.

ஆகவே அதை நீங்களே உடைத்துப் பாருங்கள். சாலைக்காக வெட்டிய மேட்டில் சரிந்து கிடக்கும் வெங்கச்சங்கல் நாலைந்து, கைக்கு அடங்கும் உருண்டைக் கல் ஒன்று, தார்ப்பாய் ஒன்று. கண்ணாடியும் தோல் கையுறையும் கட்டாயம். திறந்த வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி உட்காருங்கள். சிலிக்காத் தூள் நுரையீரலுக்குக் கெடுதல்.

கல்லின் ஒரு விளிம்பை உருண்டைக் கல்லால் அடியுங்கள். பிறகு தட்டையான பட்டைக்கல் மேல் நிறுத்தி வைத்து உச்சியில் அடியுங்கள். இரண்டு முறையிலும் விழும் துண்டுகளைத் தனித்தனியாகப் பரப்புங்கள். செர்ட் போன்ற நுண்மணிக் கல்லில் ஓர் அடிக்கு ஒரு செதில் (அடிபட்டுப் பெயரும் மெல்லிய துண்டு) ஒழுங்காக விழும். வெங்கச்சங்கல்லோ உள்ளிருக்கும் விரிசல் போன போக்கில் போகும். ஓர் அடிக்குப் பத்துச் சில்லு, அதில் செதில் என்று சொல்லத்தக்கது ஒன்றோ இரண்டோதான். இதைக் கையால் உணராதவர், காட்டில் கிடக்கும் ஒவ்வொரு கூர்ச் சில்லையும் கருவி என்பார். இல்லையென்றால் மெய்யான கருவியைச் சில்லென்று தாண்டிப் போவார்.

உடைத்த துண்டுகளைக் காட்டில் கொட்டாதீர்கள். வீட்டுத் தோட்டத்தில் குழி வெட்டிப் புதைத்து, கூடவே இந்தக் காலத்து ஒரு ரூபாய் நாணயம் ஒன்றைப் போட்டு மூடுங்கள். பின்னால் வரும் யாரோ அதைத் தொல்லிடம் என்று எழுதிவிடக் கூடாது.

3. இடத்தை வீட்டிலேயே தேர்ந்துகொள்ளுங்கள்

கால் போன போக்கில் நடந்தால் தார்ச்சாலைக்குப் பக்கத்துக் காடுகள் மட்டும் தெரியும். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தையும், புவியியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் தளத்திலுள்ள பாறை வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மூன்றைத் தேடுங்கள்: தண்ணீர், கல், மேடு. நொய்யல், அமராவதி, பவானி போன்ற ஆறுகளில் வந்து சேரும் பள்ளங்களின் (ஓடைகளின்) கரைமேடு, அருகில் வெங்கச்சங்கல் நரம்பு, வெள்ளம் ஏறாத உயரம். இந்த மூன்றும் கூடும் இடத்தில் ஒரு சதுரம் போடுங்கள். அதே அளவில், இந்த மூன்றும் இல்லாத இடத்திலும் ஒரு சதுரம் போடுங்கள். இரண்டிலும் ஒரே மாதிரிக் கல் கிடைத்தால் உங்கள் கண் ஏமாறுகிறது என்று பொருள்.

அடுத்து, அந்த நிலத்துக்கு என்ன நடந்திருக்கிறது என்று விசாரியுங்கள். இதை விட்டுவிட்டுத்தான் பலர் கெடுகிறார்கள். நான் கேட்கும் கேள்விகள் இவை. ஏரி வண்டல் அடித்திருக்கிறார்களா? அடித்திருந்தால் வேறு ஊர்க் கல்லும் பானை ஓடும் இந்தக் காட்டில் இருக்கும். மேடு தட்டக் கிராவல் மண் கொட்டினார்களா? கீழ்பவானி வாய்க்காலோ பரம்பிக்குளம்-ஆழியாறு வாய்க்காலோ வெட்டிய மண் கரையில் குவிந்திருக்கிறதா? கிணறு வெட்டிய கல் எங்கே போனது? காட்டிலிருந்து பொறுக்கிய கல்லை எந்தப் பொழியில் (காட்டு வரப்பில்) போடுவார்கள்? பொழிமேட்டில் கிடக்கும் கருவிக்கு இடம் போய்விட்டது. ஆனாலும் அந்தக் காட்டைச் சேர்ந்தது என்றாவது சொல்லலாம். வாய்க்கால் மண்மேட்டில் கிடப்பதற்கு அதுவும் இல்லை.

கொங்கு நாட்டில் நமக்கு வாய்த்த ஒரு வசதி கொறங்காடு. கிளுவை வேலி அடைத்து, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக மாட்டுக்கென விட்ட மேய்ச்சல் நிலம். டிராக்டர் கலப்பை அதிகம் படாததால் கற்கள் அவ்வளவாக இடம் மாறியிருக்காது. உழவுக்காட்டில் கல் நிறையத் தெரியும், ஆனால் இடமும் விளிம்பும் கெட்டிருக்கும். கொறங்காட்டில் குறைவாகத் தெரியும், தெரிவதை நம்பலாம். இரண்டு கணக்கையும் ஒரே பட்டியலில் கலக்காதீர்கள்.

4. நாளும் நடையும்

உழவுக்காட்டில் கோடை உழவு முடிந்து ஒரு மழை கழுவிவிட்ட பிறகு, விதை முளைக்கும் முன். கொறங்காட்டில் பங்குனி, சித்திரையில் மாடு புல்லைக் கடித்து முடித்த பிறகு. காலை ஒன்பதுக்குள் அல்லது மாலை நாலரைக்கு மேல். சாய்ந்த வெயிலில்தான் செதில் பெயர்ந்த பள்ளங்கள் நிழல் கட்டித் தெரியும். உச்சி வெயிலில் வெங்கச்சங்கல் முழுக்காடும் கண்ணாடி போல் மின்னும், ஒன்றும் தெரியாது.

கயிறு பிடித்த மாதிரி நேர்கோட்டில் நடங்கள். நான்கு பேர், ஐந்து மீட்டர் இடைவெளி, நூறு மீட்டர் நீளம் என்று வைப்போம். ஒருவர் கண்ணுக்கு இருபுறமும் ஒவ்வொரு மீட்டர் சரியாகத் தெரியும். 2,000 சதுர மீட்டரில் நீங்கள் மெய்யாகப் பார்த்தது 800. அதாவது நூற்றில் நாற்பது. இந்தக் கணக்கை நோட்டில் எழுத வேண்டும். தரை எவ்வளவு தெரிந்தது, புல் எவ்வளவு மறைத்தது என்பதும் வேண்டும். இல்லையென்றால் ‘இங்கே ஒன்றும் இல்லை’ என்பதற்கும் ‘எனக்கு ஒன்றும் தெரியவில்லை’ என்பதற்கும் வித்தியாசம் இல்லாமல் போகும்.

ஒன்றும் கிடைக்காத கோட்டையும் எழுதுங்கள். கிடைத்த கோட்டை மட்டும் எழுதும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு, எனக்கும் இருந்தது.

5. கொடி நட்டுப் பதியுங்கள், கை வைக்காதீர்கள்

ஐஸ் குச்சியில் சிவப்புத் துணி கட்டிய கொடி ஐம்பது போதும். ஐயத்துக்குரிய ஒவ்வொரு கல்லுக்குப் பக்கத்திலும் ஒன்று நட்டுவிட்டு நடையைத் தொடருங்கள். நின்று நின்று ஆராய்ந்தால் கோடு கோணிப்போகும். எல்லோரும் நடந்து முடித்தபின் திரும்பிப் பாருங்கள். கொடிகள் ஓரிடத்தில் கூடி நிற்கின்றனவா, சரிவின் அடியில் ஒதுங்கி நிற்கின்றனவா, பரவலாக இருக்கின்றனவா என்று ஒரே பார்வையில் தெரியும். சரிவின் அடியில் ஒதுங்கியிருந்தால் மழைநீர் கொண்டுவந்து சேர்த்திருக்கலாம். அப்போது மேல்சரிவையும் நடக்க வேண்டும்.

கொடிக்குக் கொடி இவற்றை எழுதுங்கள்: எண், தேதி, ஊர், புல எண், இருப்பிடம், மண்ணின் நிறம், எந்த முகம் மேலே இருந்தது. இருப்பிடத்தைப் போனில் ஐந்து தசம இடம் வரை எடுங்கள். ஐந்தாம் இடம் ஏறக்குறைய ஒரு மீட்டர். ஆனால் போனே நாலைந்து மீட்டர் தவறும். ஆகவே நெருங்கிக் கிடக்கும் கற்களுக்கு மின்கம்பம், கிணற்றுச் சுவர் போன்ற நிலையான புள்ளியிலிருந்து டேப்பால் அளந்து, திசைகாட்டி பார்த்துக் குறியுங்கள்.

தசம வடிவத்தையும் பாகை, கலை, விகலை வடிவத்தையும் குழப்பாதீர்கள். 11.1234 என்பதை 11 பாகை 12 கலை 34 விகலை என்று எழுதினால் உங்கள் காடு ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் வடக்கே போய்விடும். சென்னிமலையில் பார்த்த கல்லைத் தேடி நாங்கள் ஒருமுறை அடுத்த பிர்க்காவில் அரைநாள் அலைந்தோம்.

படம் எடுக்கும்போது பக்கத்தில் பத்து சென்டிமீட்டர் அளவுகோல். பேனாவும் கையும் அளவுகோல் ஆகாது. முதல் படம் கல் கிடந்தபடி, இரண்டாவது சுற்றுப்புறத்தோடு.

அடுத்தது பெரும்பாலோர் செய்யாத வேலை. கொடி அடர்ந்த இடத்தில் கயிறு கட்டி 2 மீட்டருக்கு 2 மீட்டர் சதுரம் போட்டு, அதற்குள் இரண்டு சென்டிமீட்டருக்கு மேலுள்ள எல்லா வெங்கச்சங்கல்லையும் எண்ணுங்கள். உடைந்தது, உடையாதது, செதில் போன்றது என்று மூன்று பிரிவு. பிறகு இயற்கையாக வெங்கச்சங்கல் நரம்பு சிதைந்து கிடக்கும் வேறோர் இடத்தில் இதே அளவில் இன்னொரு சதுரம். இரண்டிலும் ‘செதில் போன்றது’ ஒரே விகிதத்தில் வந்தால் உங்கள் கொடிகளில் பாதியைப் பிடுங்கிவிடலாம். மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். ஆனால் இந்த ஒரு மணி நேரம் பின்னால் ஒரு வருட வாதத்தை மிச்சப்படுத்தும்.

6. கழித்துக் கழித்து வாருங்கள்

இதுதான் வேலையின் நெஞ்சு. ‘இது பழைய கற்காலம்தானா’ என்று முதலிலேயே கேட்காதீர்கள். இயற்கையா, இந்தக் காலமா, பிற்காலமா என்று வரிசையாகக் கேளுங்கள். மூன்றுக்கும் ‘இல்லை’ என்று பதில் வந்த கல்லுக்கு மட்டுமே நான்காவது கேள்விக்கு உரிமை. கல்லைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். பார்த்ததும் அதே இடத்தில், அதே முகமாக வைக்க வேண்டும்.

இயற்கையா? சார்னோகைட் வெங்காயத் தோல் உரிவதுபோல் அடுக்கடுக்காக உரியும். அப்படி உரிந்த தகடு ஒன்று, வாட்டமான முட்டை வடிவில், விளிம்பு கூராக, அப்படியே கைக்கோடரி போல் இருந்தது. இரண்டு மாதம் அதை மேசைமேல் வைத்துப் பெருமைப்பட்டேன். அதில் ஒரு செதில் தழும்புகூட, அதாவது செதில் பெயர்ந்த பள்ளம்கூட, இல்லை என்பது எனக்கே ஒருநாள் உறைத்தது. வடிவத்தைப் பார்க்காதீர்கள், தழும்பைப் பாருங்கள்.

மனிதன் அடித்த செதிலில் அடி விழுந்த சிறு தளம் இருக்கும். அதற்குக் கீழே உள்முகத்தில் மெல்லிய புடைப்பு இருக்கும். அங்கிருந்து குளத்தில் கல் போட்டதுபோல் அலை வரிகள் பரவும். செதில் பெயர்ந்த மூலக்கல்லான கருக்கல்லில் அதே இடம் பள்ளமாக இருக்கும். அடித்தளத்துக்கும் செதில் பெயர்ந்த முகத்துக்கும் இடையிலுள்ள கோணம் பெரும்பாலும் 90 பாகைக்குக் குறைவு. அதற்கு மேல் போனால் செதில் ஒழுங்காகப் பெயராது. இயற்கையில் உருண்டு மோதி உடைந்தவற்றில் கோணம் ஒழுங்கில்லாமல் இருக்கும்.

வெங்கச்சங்கல்லில் புடைப்பும் அலையும் பல நேரம் தெரியாது. அங்கே வேறு அடையாளம் தேடுங்கள். ஒரே பக்கமிருந்து அடுத்தடுத்து மூன்று நான்கு தழும்புகள் வரிசையாக ஓடுகின்றனவா? எதிரெதிரான இரண்டு முனைகளும் நசுங்கியிருக்கின்றனவா? பட்டைக்கல் மேல் நிறுத்தி அடித்தால் அப்படித்தான் நசுங்கும், நீங்களே செய்து பார்த்திருப்பீர்கள். ஒரு தழும்பு மட்டும் இருந்தால் ஐயப் பட்டியலில் விடுங்கள்.

இந்தக் காலமா? தழும்பின் நிறத்தைப் பாருங்கள். கல் முழுக்கப் பழுப்பேறி, ஒரு விளிம்பு மட்டும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் அது நேற்றைய உடைப்பு. அதன்மேல் துருக்கோடு ஓடினால் டிராக்டர் கலப்பை. விளிம்பு நெடுகச் சின்னச் சின்னக் கடிபோல் சீரில்லாமல் இருந்தால் மாட்டுக் குளம்பு மிதித்ததாக இருக்கலாம். கொறங்காட்டில் இது சகஜம், பலர் இதைச் சுரண்டி என்ற கருவியின் விளிம்பைக் கூர்தீட்டிய அடையாளம் என்று எழுதிவிடுகிறார்கள். வேலிக்குக் கல்லுக்கால் பிளந்த இடங்களில் உளிச் சில்லுகள் கிடக்கும். பக்கத்தில் பாறையில் ஆப்புக்குழி வரிசை இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் வெங்கச்சங்கல்லும் பெல்ஸ்பாரும் தோண்டிய குழிகளைச் சுற்றிலும் சில்லு குவிந்திருக்கும். தீ மூட்ட வைத்திருந்த சிக்கிமுக்கிக் கல்லும் விளிம்பு நசுங்கித்தான் இருக்கும்.

பிற்காலமா? கொங்கு நாட்டில் வழுக்கி விழுகிற இடம் இது. நொய்யலின் வடகரையில் கொடுமணல் இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கும் முன்பே பளிங்கும் பச்சைக்கல்லும் (பெரில்) அறுத்து, தேய்த்து, துளையிட்டு மணி செய்த ஊர். காங்கேயம் வட்டத்துப் படியூர் பச்சைக்கல்லுக்குப் பேர் போனது. மணி செய்ய முதலில் கல்லைத் தட்டித்தான் வடிவம் கொண்டுவர வேண்டும். அந்தக் கழிவில் செதில் உண்டு, கருக்கல் உண்டு, அடித்தளம் உண்டு. மனிதன் செய்ததுதான், ஐயமில்லை. பழைய கற்காலம் மட்டும் இல்லை. ஆகவே சில்லுக்குப் பக்கத்தில் கருப்பு-சிவப்புப் பானை ஓடு, இரும்புக் கசடு, பாதி துளைத்த மணி, சுற்றுவட்டாரத்தில் பழைய ஈமச்சின்னமான கல்வட்டம் ஏதாவது இருந்தால் உடனே அந்தத் திசையில் யோசியுங்கள்.

கோவைப் பக்கம் மோளப்பாளையத்தில் புதிய கற்கால வாழ்விடம் அகழப்பட்டிருக்கிறது. சேர்வராயன் மலையில் வழவழப்பாகத் தேய்த்த கற்கோடரிகளைப் பிள்ளையார் கோயிலில் வைத்துக் கும்பிடும் வழக்கமும் பதிவாகியிருக்கிறது. தேய்த்து மெருகேற்றிய கோடரி பழைய கற்காலத்தது ஆகாது. கோயிலில் இருப்பதைத் தொடவும் வேண்டாம்.

இந்த மூன்றையும் தாண்டி வந்தது எது? கைக்கு நிறைவாக, இரண்டு முகத்திலும் பெரிய பெரிய தழும்புகள் ஓடி, விளிம்பு சுற்றிலும் வந்து ஒரு முனையில் கூடினால் கைக்கோடரி. முனைக்குப் பதில் அகன்ற நேர்விளிம்பு இருந்தால் பிளக்கும் கருவி. கருக்கல்லைச் சுற்றிலும் முன்கூட்டியே செதுக்கி வைத்து, ஒரே அடியில் வேண்டிய வடிவச் செதிலை எடுத்திருந்தால் அது இடைப் பழங்கற்கால (பழைய கற்காலத்தின் நடுக்கட்டம்) நுட்பமாக இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் இரண்டு செதில் எடுத்த கூழாங்கல்லைக் கண்டு துள்ளாதீர்கள். அது எல்லாக் காலத்திலும் உண்டு.

7. அளவும் வரைவும்

செதிலின் நீளத்தை அடி விழுந்த திசையில் அளக்க வேண்டும். அதுவே நீளமான பக்கமாக இருக்கும் என்பதில்லை. இதைப் புதியவர்கள் மாற்றி அளந்துவிடுவார்கள், பிறகு ஒருவர் பட்டியலை இன்னொருவர் பட்டியலோடு ஒப்பிட முடியாது. அதற்குக் குறுக்கே அகலம், பிறகு தடிமன். வெர்னியர் காலிபரில் மில்லிமீட்டர் கணக்கு, நகைத் தராசில் கிராம் கணக்கு. கைக்கோடரிக்கு மட்டும் அதிகபட்ச நீளம், அகலம், தடிமன் போதும்.

கூடவே தழும்பு எத்தனை, கல்லின் பழைய மேல்தோல் எத்தனை பங்கு மிச்சம், விளிம்பு கூராக இருக்கிறதா, ஆற்றில் உருண்டு மழுங்கியிருக்கிறதா என்றும் எழுதுங்கள். மழுங்கியது வேறெங்கிருந்தோ வந்தது. ஒரே இடத்தில் கூரானதும் மழுங்கியதும் கலந்து கிடந்தால் இரண்டு வரலாறு ஒன்றாகக் கிடக்கிறது என்று பொருள்.

கல்லைக் கழுவித் தேய்க்காதீர்கள். எங்கள் பக்கத்து மண்ணில் கல்மேல் வெள்ளையாகச் சுக்காம் படிவு (சுண்ணாம்புப் படிவு) பற்றியிருக்கும். அழுக்கென்று எண்ணி ஆசிட் ஊற்றிய ஆளை எனக்குத் தெரியும். அந்தப் படிவு, கல் நெடுநாள் மண்ணுக்குள் கிடந்து பின்னால் வெளியே வந்தது என்பதற்குச் சாட்சி. எந்த முகத்தில் பற்றியிருக்கிறது என்று கிடந்த நிலையோடு சேர்த்து எழுதினால் மதிப்பு இன்னும் கூடும்.

வரையும்போது உண்மை அளவிலேயே வரையுங்கள். வெளிச்சம் மேல் இடப்பக்கமிருந்து வருவதாக வைத்து, முன்முகம், பக்கவாட்டு, பின்முகம் மூன்றும் அடுத்தடுத்து. படம் நன்றாக வரையத் தெரியாது என்று தள்ளிப்போடாதீர்கள். வரையும்போதுதான் எந்தத் தழும்பு முதலில், எது அதை வெட்டிக்கொண்டு பின்னால் என்று கண்ணுக்குத் தெரியும். போன் படம் அதைச் சொல்லித் தராது.

8. வயது சொல்லாதீர்கள்

திருவள்ளூர்ப் பக்கம் அதிரம்பாக்கத்தில் கிடைத்த கைக்கோடரிகளுக்கு ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டு என்றும், அங்கேயே இடைப் பழங்கற்கால நுட்பத்துக்கு 3,85,000 ஆண்டு என்றும் சொல்ல முடிந்தது. அவை மண்ணடுக்குக்குள் புதைந்து கிடந்தன, அந்த அடுக்கை அளக்க முடிந்தது. காட்டுமேல் கிடக்கும் கல்லுக்கு அப்படி அடுக்கு கிடையாது. அங்கே கிடைத்த எண்ணைத் தூக்கி இங்கே ஒட்டுவதுதான் வாட்ஸப்பில் நான் அதிகம் பார்க்கும் தவறு.

எழுதும்போது இப்படி எழுதுங்கள்: ‘செய்முறையில் பழைய கற்காலக் கைக்கோடரியை ஒத்தது, தரைமேல் கிடைத்தது, ஒன்று மட்டும்.’ ஒற்றைக் கருவியை வைத்து ‘இங்கே தொல்மனிதர் வாழ்ந்தனர்’ என்று எழுதாதீர்கள். கருக்கல், செதில், சில்லு, சுத்தியல் கல் நான்கும் ஒரே இடத்தில் கூடி, இரண்டு செதிலாவது கருக்கல்லோடு பொருந்தினால் ‘இங்கே கருவி செய்தார்கள்’ என்று சொல்ல நியாயம் உண்டு.

9. எப்போது எடுப்பது, யாரிடம் சொல்வது

சாதாரணமாக எடுக்க வேண்டியதே இல்லை. சைட் போடப் பொக்லைன் வந்து நிற்கிறது, கிராவலுக்கு மண் எடுக்கிறார்கள் என்கிற நிலை வந்தால் முதலில் மாநிலத் தொல்லியல் துறைக்கோ கோவை, ஈரோடு, சேலம் அரசு அருங்காட்சியகங்களில் அருகிலுள்ளதற்கோ தெரிவியுங்கள். அவர்கள் சொன்னபடி, நில உரிமையாளர் அறிய எடுங்கள். ஒரு கல்லுக்கு ஒரு ஜிப் கவர், உள்ளே பென்சிலால் எழுதிய சீட்டு. பேனா மை ஈரத்தில் கரையும். கல்மேல் நேராக எண் எழுதாதீர்கள். ஒரே பையில் இரண்டைப் போட்டால் ஒன்றோடொன்று உரசிப் புதிய தழும்பு விழும். ஆறாம் படி முழுக்க அப்புறம் வீண்.

அறிக்கை ஒரு பக்கம் போதும்: இடம், தேதி, நடந்த பரப்பு, பார்த்த பங்கு, கிடைத்தது, கிடைக்காதது, கழித்ததற்கான காரணம். இதில் துல்லியமான இருப்பிடம் இருக்கட்டும். முகநூலில் போடும் பதிவில் வட்டத்தின் பெயருக்கு மேல் எதுவும் வேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அங்கே சாக்கோடு ஆள் வந்துவிடும்.

அந்தத் தம்பியின் மூன்று காடுகளுக்கும் பிறகு நாங்கள் சேர்ந்தே போனோம். முதல் இரண்டில் ஒன்றுமில்லை, அப்படியே எழுதினோம். மூன்றாவதில் பள்ளத்தின் மேல்கரையில் பதினேழு கொடி நட்டு, சதுரம் எண்ணிப் பார்த்துப் பதினொன்றைப் பிடுங்கினோம். மிச்சம் ஆறும் ஐயப் பட்டியலில் இருக்கின்றன. அடுத்த மழை கழிந்து மறுபடி போக வேண்டும்.

நட்ட கொடிகளை எண்ணியது போலவே பிடுங்கும்போதும் எண்ணுங்கள். மறந்து விட்டுவந்த துணியை மாடு தின்றுவிடும். அப்புறம் அந்தக் கடவு உங்களுக்குத் திறக்காது.